அசைவம் காத்த சைவச்செம்மல்

தமிழ்நாட்டில் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் புலால் உண்கிறார்கள். வள்ளுவர் பத்துக் குறள் எழுதி வைத்தும், சமண முனிவர்கள் ஊர் ஊராக நடந்து சொல்லியும், வடலூரில் வள்ளலார் உருகி உருகிப் பாடியும் இந்தக் கணக்கு பெரிதாக இறங்கவில்லை. கறிக்கடைக்காரர்களின் சாமர்த்தியம் என்பார்கள் சிலர். சீரகச் சம்பா பிரியாணியின் வாசம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அரைகுறை ஆராய்ச்சி. கறிக்கடைக்காரர் மதியத்தோடு கடையைச் சாத்திவிடுகிறார். பிரியாணி வாசம் தெருமுனை தாண்டுவதில்லை. ஓய்வு ஒழிச்சல் இல்லாமல், ஒரு காசு கூலி வாங்காமல், புலால் உண்பவர் ஒருவர்கூடத் தவறிப்போய்க் காய்கறிப் பக்கம் சாய்ந்துவிடாதபடி காவல் நிற்பவர் ஒருவர் இருக்கிறார். அலுவலகத்துக்கு ஒருவர், அடுக்ககத்துக்கு ஒருவர், வாட்ஸ்அப் குழுவுக்கு இருவர் என்று நாடெங்கும் நிறைந்திருக்கிறார். அவர்தான் சைவச்செம்மல். இத்தனை தொண்டு செய்தும் அவருக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தப் பாராட்டு.

இந்தப் பாராட்டைச் சைவ உணவு உண்பவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. சிலர் இருக்கிறார்கள், பக்கத்துத் தட்டில் மீன் இருந்தாலும் முகம் சுளிக்காமல், தம் வீட்டுப் பொரியலில் கொஞ்சம் எடுத்து வைத்து, "சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள். யாராவது கேட்டால்தான் தாம் ஏன் இறைச்சி உண்பதில்லை என்று சொல்வார்கள். அதையும் நாலு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அசைவத்துக்கு இவர்களால்தான் ஆபத்து. இவர்களோடு பழகிப் பழகியே கறியைக் குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. அத்தகைய பொறுப்பில்லாதவர்களை நம் செம்மலோடு ஒரே வரிசையில் உட்காரவைத்தால் அது அவருக்கு அவமரியாதை.

முதலில் அவருடைய காலமறிதலைப் போற்ற வேண்டும். அந்தத் தலைப்பில் வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அது அரசர்களுக்குச் சொன்னது என்று உரையாசிரியர்கள் விட்டுவிட்டார்கள். செம்மல் அதை உணவு இடைவேளைக்கு எடுத்துக்கொண்டார். உயிர்க்கொலையைப் பற்றிப் பேசுவதற்கு நாளெல்லாம் நேரம் இருக்கிறது. தேநீர்க்கடையில் பேசலாம், ரயிலில் பேசலாம், மாலை நடையில் பேசலாம். ஆனால் நிதானமாக இருக்கும் மனிதரிடம் பேசினால் அவர் காதுகொடுத்துக் கேட்டுவிடக்கூடும். ஆகவே எதிரில் இருப்பவர் முதல் கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோகும்வரை செம்மல் பொறுமையாகக் காத்திருப்பார்.

"என்னம்மா, இன்னைக்கும் பிணமா?"

"நெத்திலிக் கருவாடு, சார்."

"கருவாடுன்னா என்ன? வெயில்ல காயவச்ச பிணம்!"

அந்தப் பெண் தூத்துக்குடிப் பக்கம். கருவாடு அவர் அம்மா ஊரிலிருந்து காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியது. செம்மல் மீனைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததோ தன் அம்மாவைப் பற்றிய பேச்சு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு செம்மல் நாற்காலியை நகர்த்தியதும் அந்தப் பேச்சுக்கு அடிக்கோடு போட்டதுபோல் ஆயிற்று. மறுநாள் அதே மேசைக்கு வஞ்சிரம் வறுவல் வந்தது, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. ஒரே வாக்கியத்தில் ஒருவரின் உணவை அவருடைய மானமாக மாற்றிவிடுவது சாதாரணத் திறமை இல்லை. உணவை மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள். மானத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். இது தெரிந்துதான் செம்மல் நேராக மானத்தில் கைவைக்கிறார்.

அடுத்து அவருடைய விழிப்பு. தானாகவே வந்து மாட்டிக்கொள்ளும் ஆள்களிடம்தான் அது முழுதாக வெளிப்படும். உடன் வேலை பார்க்கும் பையன் ஒருவன், கோழிப்பண்ணை பற்றிய காணொளி எதையோ பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. செம்மலைத் தேடி அவனே வந்தான்.

"சார், கறி விட்டுடலாம்னு இருக்கேன்."

"இப்பத்தான் புத்தி வந்துச்சா? இத்தனை வருஷம் தின்னதுக்குப் பாவம் எங்க போகும்?"

"இல்ல சார், காலைல ஜிம்முக்குப் போறேன். புரோட்டீனுக்கு என்ன பண்றதுன்னு கேக்கலாம்னு…"

"அதான், நாக்கு கேக்குது. புரோட்டீன்னு பேர் வச்சுக்கிறீங்க. மொதல்ல ஆசையை அடக்கு."

கொண்டைக்கடலை, மொச்சை, தட்டப்பயறு, வேர்க்கடலை, சோயா என்று ஐந்து பெயர் சொல்லியிருந்தால் ஒரு கோழிக் குடும்பமே பிழைத்திருக்கும். அம்மா வீட்டில் தனியாகச் சமைக்க வேண்டியிருக்குமே, அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்திருந்தால் ஓர் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து பிழைத்திருக்கும். செம்மல் அந்தச் சபலத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அன்று மாலையே பையன் பிரியாணிக் கடை வாசலில் நின்றான். கட்சி மாற வந்தவனைத் தாய்க்கட்சிக்கே பத்திரமாகத் திருப்பி அனுப்பும் இந்தப் பெருந்தன்மை வேறெந்தக் கொள்கைவாதியிடம் இருக்கிறது?

அவருடைய அறிவியல் புலமையையும் சொல்ல வேண்டும். மனிதனுக்குப் பல் ஏன் தட்டையாக இருக்கிறது, குடல் ஏன் நீளமாக இருக்கிறது என்று விளக்குவார். இறைச்சி உண்பவர்களுக்குக் கோபம் வரும், மூர்க்கம் வரும், குணம் கெடும் என்று மேசையைத் தட்டி, முகம் சிவக்க, குரல் நடுங்க விளக்குவார். எதிரே பொறுமையாகக் கோழி கடித்துக்கொண்டிருப்பவர் தலையாட்டுவார். உண்மையான சான்றுகளை மட்டும் செம்மல் தொடுவதில்லை. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் கடிதம் எழுதும் தாளின் அளவுகூட இல்லை. முட்டையிடும் இனத்தில் சேவல் குஞ்சாகப் பிறந்தால் அதற்கு முதல் நாளே கடைசி நாள். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி நாற்பது நாளை ஒட்டிய வயதில் இரண்டு கிலோ எடை ஏறிக் கடைக்குப் போகிறது. கால்களே தாங்காத வேகத்தில் உடம்பு வளர்கிறது. இவற்றை அமைதியாக எடுத்துச் சொன்னால், கிராமத்தில் கோழி வளர்த்து, கோழியை உண்டு வளர்ந்தவருக்கும் நெஞ்சில் தைக்கும். "எங்க வீட்ல கோழி முற்றத்துல மேயுமே, இதென்ன கொடுமை" என்று அவரே சொல்வார். உரையாடல் அங்கே தொடங்கிவிடும். ஆகவேதான் செம்மல் கூண்டைப் பற்றிப் பேசாமல் குடலின் நீளத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அவருடைய கருணைக்கு ஒரு நாள்காட்டியும் உண்டு. பக்ரீத் அன்று விடியும் முன்பே ஆட்டின் கண்ணீர்ப் படம் குழுவில் வந்துவிடும். கூடவே மனிதம் செத்துவிட்டதா என்ற கேள்வியும் வரும். தீபாவளி அன்று அதிகாலை ஊர் ஊராகக் கறிக்கடை வாசலில் வரிசை நிற்கும்போது அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருப்பார். ஆடியில் குலதெய்வக் கோயில்களில் கிடா வெட்டும்போது குழுவில் அம்மன் படம்தான் வரும். மேலதிகாரி வீட்டுக் காதுகுத்துக்குக் கிடா விருந்து என்றால் செம்மல் மொய் எழுதிவிட்டு, தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏற்பாடு பிரமாதம் என்று சொல்லி வருவார். ஆட்டுக்கு இந்த வேறுபாடு புரியாது. அது எந்தக் கத்தி என்று பார்த்துச் சாவதில்லை. செம்மலுக்குப் புரியும். கத்தியைப் பிடித்திருப்பது யார் என்று பார்த்துத்தான் அவருக்குக் கண்ணீரே சுரக்கிறது. எல்லா நாளும் எல்லாரிடமும் ஒரே மாதிரி இரக்கப்பட்டிருந்தால் அவர் சொல்வதில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று ஆட்டிறைச்சி உண்பவர்கள் நினைத்துவிட்டிருப்பார்கள்.

அப்படி எல்லாரிடமும் சமமாக இரக்கப்பட்டால் தன் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு, கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டு எடுத்த இழை. காலில் கிடக்கும் செருப்பு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பதனிட்ட தோல். காலையில் குடிக்கும் டிகிரி காபிக்குப் பால் கொடுத்த பசு காளைக்கன்று ஈன்றால் அந்தக் கன்று கடைசியில் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பால்காரர் பதில் சொல்ல மாட்டார். இவற்றை எண்ணிப் பார்ப்பவருக்குப் பேச்சில் ஒரு தணிவு வந்துவிடும்: "நானும் முழுக்க விட்டுடலைங்க, முடிஞ்சவரைக்கும் குறைச்சுக்கிறேன்" என்பார். அந்தத் தணிவு ஆபத்தானது. கேட்பவரும் முடிந்தவரை குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார். செம்மல் எதையும் எண்ணிப் பார்க்காமல் தம் உறுதியைக் காத்துவருகிறார்.

இனி அவருடைய வீரம். செம்மல் யாரையும் விடமாட்டார் என்று நினைப்பது தவறு, பலரை விட்டுவிடுவார். சம்பள உயர்வு தருபவரை விட்டுவிடுவார். வெளிநாட்டு மாப்பிள்ளையை விட்டுவிடுவார். அவர் அங்கே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பதே அநாகரிகம் அல்லவா? அவருடைய வீரமெல்லாம் வாடகைக்கு வீடு தேடி வருபவரிடமும், பாத்திரம் துலக்க வரும் அம்மாளிடமும், பள்ளியில் தம் பேரனின் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியிடமும்தான். சென்னையில் 'வீடு வாடகைக்கு' பலகையின் கீழே 'சைவம் மட்டும்' என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். என்ன சாதி என்று கேட்டால் சட்டம் கேள்வி கேட்கும். என்ன சமைப்பீர்கள் என்று கேட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது. தரகரும் தொலைபேசியில் இரண்டே கேள்விகளில் முடித்துவிடுவார்: "வெஜ்ஜா நான்வெஜ்ஜா? சொந்த ஊர் எது?" உயிரிரக்கத்தை இவ்வளவு நுட்பமான சல்லடையாக மாற்றிய பெருமை செம்மலுடையது.

2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஓர் உணவகத்தில் சைவர்களுக்கு ஒரு வாசல், அசைவர்களுக்கு ஒரு வாசல், கை கழுவத் தனித்தனித் தொட்டி என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. மாணவர்கள் எதிர்த்ததும் அகற்றப்பட்டன. 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் சைவ உணவை மட்டும் கொண்டுசெல்லப் பச்சைச் சட்டை அணிந்த தனிப் படை என்று அறிவித்தது. சிவப்புச் சட்டைக்காரர்களைக் குடியிருப்புகளுக்குள் விடமாட்டார்கள் என்ற கவலை எழுந்ததும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. இரண்டிலும் ஒரு கோழியும் உயிர் பிழைக்கவில்லை. ஆனால் தனி வாசல், தனித் தொட்டி, தனிக் குவளை என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த குடும்பங்களுக்கு ஒரு பழைய செய்தி புதிதாக நினைவூட்டப்பட்டது. "கறியை விடுங்கள்" என்று நாளை யாராவது கனிவாகச் சொன்னாலும் அவர்கள் காதில் "நீ தள்ளி நில்" என்றுதான் விழும். இந்த ஒன்றுக்காகவே செம்மலுக்கு ஒரு சிலை வைக்கலாம். தமிழ்நாட்டில் காய்கறியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாதியின் வாடை அடிக்கும்படி செய்துவைத்தவர் அவர். எந்தக் கறி வியாபாரியாலும் செலவழித்து வாங்க முடியாத பாதுகாப்பு இது.

திருக்குறளில் அவருக்குள்ள பயிற்சி தனிச் சிறப்புடையது. புலால் மறுத்தல் இருபத்தாறாம் அதிகாரம், துறவறவியலில் வருகிறது. இனியவை கூறல் பத்தாம் அதிகாரம்; இல்லறவியலில் வருகிறது. துறவிக்கு வைத்ததைக் குடும்பஸ்தரின் தலையில் ஏற்றிவிட்டு, குடும்பஸ்தருக்கு வைத்ததைத் துறவிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று செம்மல் விட்டுவிட்டார். அந்த இருபத்தாறாம் அதிகாரத்திலேயே வாங்கித் தின்ன ஆளில்லை என்றால் விற்பதற்கு எவரும் கொல்லமாட்டார் என்று சந்தைக் கணக்காக ஒரு வாதம் இருக்கிறது. திட்டாத வாதம் அது, கேட்பவரை யோசிக்க வைக்கும் வாதம். செம்மல் அதை ஒருநாளும் எடுத்ததில்லை.

முன்னோர்களோடு ஒப்பிட்டால்தான் அவருடைய உயரம் தெரியும். மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் என்று ஒரு வணிகன் வருகிறான். கப்பல் உடைந்து, ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு, நரமாமிசம் உண்ணும் நாகர்களின் மலையோரத்தில் கரை ஒதுங்குகிறான். அவனைக் கொன்று தின்ன வந்தவர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான். அவர்கள் வியந்துபோய்த் தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். கள்பானையும் ஊனும் எலும்பும் சூழ உட்கார்ந்திருக்கிறான் தலைவன். விருந்தாளிக்கு ஓர் இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் வேண்டாம் என்கிறான். இவை இல்லாமல் வாழ்வில் என்ன பயன் என்று தலைவன் கேட்கிறான். பிறப்பு, இறப்பு, வினை என்று சாதுவன் விளக்குகிறான். இடையிடையே தலைவன் எழுப்பும் ஐயங்களுக்கும் பதில் சொல்கிறான். கடைசியில் தலைவன் பணிந்து, கள்ளும் ஊனும் இல்லாமல் எங்களால் உயிர் வாழ முடியாது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்று கேட்கிறான். அப்போது சாதுவன் என்ன செய்தான் பாருங்கள்! அவர்களால் முடிந்ததை மட்டும் கேட்டான். கப்பல் உடைந்து கரை சேருபவர்களைக் கொல்லாதீர்கள், தானாக மூத்துச் சாகும் விலங்கைத் தவிர வேறெதற்கும் தீங்கு செய்யாதீர்கள், அது போதும் என்றான். தலைவன் ஒப்புக்கொண்டு, சந்தனமும் அகிலும் துணியும் அள்ளிக் கொடுத்து அவனை வழியனுப்பினான்.

எவ்வளவு கோழைத்தனமான சமரசம்! எதிராளியின் மொழியைக் கற்றுக்கொண்டு, அவன் எதிரிலேயே உட்கார்ந்து, அவன் கேள்வி கேட்க இடம் கொடுத்து, பாதி வழியோடு மனநிறைவு கொண்டு திரும்பியிருக்கிறான். நம் செம்மல் அந்த மலையில் கரை ஒதுங்கியிருந்தால் எலும்பைப் பார்த்த உடனே மூக்கைப் பொத்தியிருப்பார். "பிணந்தின்னிகளே" என்று தமிழிலேயே அழைத்திருப்பார். கொள்கை துளியும் வளையாமல் அன்று இரவே நாகர்களுக்கு விருந்தாகியிருப்பார்.

காந்தியும் செம்மலுக்கு ஈடாகமாட்டார். 1888இல் லண்டன் போன இளைஞர், புலால் தொடமாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் பட்டினி கிடந்தார். ஆனால் இந்தியர்கள் எல்லோரும் புலால் உண்டு வலுப்பெற வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் அவர் மனத்தில் இருந்தது. இறைச்சி உண்ணும்படி நண்பர் ஒருவர் அவரை வற்புறுத்தினார், பெந்தாம் என்ற தத்துவ அறிஞரின் நூலை வாசித்துக் காட்டினார். அவர் வாதிட வாதிடக் காந்தியின் உறுதிதான் கூடிற்று. பிறகொரு நாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவுக்கான வேண்டுகோள் என்ற நூல் இருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார், உள்ளே போய் வயிறார உண்டார், நூலை முழுக்கப் படித்தார். வாக்குக்காகச் சைவராக இருந்தவர் அன்றுமுதல் விருப்பத்தால் சைவரானார். அதன் பிறகும் அந்த நண்பர் விடவில்லை; உயர்ரக உணவகம் ஒன்றில் சூப்பில் இறைச்சி உண்டா என்று பரிசாரகரிடம் கேட்க முயன்றதற்காகக் கோபித்து வெளியே போகச் சொன்னார். காந்தி அன்றிரவு பட்டினியோடு படுத்தார், முடிவை மட்டும் மாற்றவில்லை. இறைச்சி பக்கம் இழுக்க முயன்ற வசவு தோற்றது. பேசாமல் கிடந்த நூலும் சூடான சோறும் வென்றன. வசவு எந்தப் பக்கத்துக்காக வேலை செய்தாலும் எதிர்ப்பக்கத்துக்குத்தான் லாபம் சேர்க்கும். செம்மலின் தொழில் இரகசியமே இதுதான்.

அந்தக் காந்தியும் தென்னாப்பிரிக்காவில் ஒருமுறை செம்மலின் பாதையில் ஓரடி வைத்தார். ஞாயிறுதோறும் ஒரு கிறித்தவக் குடும்பம் அவரை விருந்துக்கு அழைத்துவந்தது. அந்த வீட்டுச் சிறுவனிடம் அவன் தட்டில் இருந்த இறைச்சியை ஏளனம் செய்து, தம் தட்டில் இருந்த ஆப்பிளைப் புகழ்ந்தார். பையன் தனக்கும் ஆப்பிள்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினான். தாய்க்கு மனம் சங்கடப்பட்டது. காந்தியும் நிலைமையை உணர்ந்து அந்த விருந்துகளை நிறுத்திக்கொண்டார். பின்னாளில், 1931 நவம்பரில், லண்டன் சைவ உணவுக் கழகத்தில், ஹென்றி சால்ட் கேட்டிருக்க அவர் பேசியபோது சைவர்களுக்குத் தந்த அறிவுரை சகிப்பும் பணிவும் வேண்டும் என்பது. ஒரே ஒரு விருந்து வீட்டை இழந்ததில் இவ்வளவு பாடம் கற்றுவிட்டார் மனிதர். செம்மலை மேலதிகாரியைத் தவிர யாரும் விருந்துக்கு அழைப்பதே இல்லை. அதனால் அவர் எந்தப் பாடமும் கற்க வேண்டிய அவசியம் நேரவில்லை.

வள்ளலார் இன்னும் பிடிவாதமான சைவர். கொலையும் புலாலும் உடையவர்கள் தம் இனத்தார் அல்லர், புற இனத்தார் என்று கோடு கிழித்தவர். ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பவருக்கும் பசி தீர்க்க வேண்டும் என்றார். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. அங்கே போகிறவரிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. இலை போட்டு, சோறு போட்டு, சாம்பாரும் ஊற்றுவார்கள். உண்டவர் தாமாக யோசித்தால் யோசிக்கட்டும். செம்மல் வடலூருக்கு ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் போகிறவர்தான். சோதி தெரிந்தது என்று சொல்வார். அடுப்பு கண்ணில் பட்டதாகச் சொன்னதில்லை.

இதையெல்லாம்விட அவர் கண்ணில் படாதது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் புலால் உண்பவர் ஆண்டு முழுவதும் புலால் உண்பதில்லை. செவ்வாய், வெள்ளி கிடையாது. அமாவாசை கிடையாது. கிருத்திகை, சஷ்டி கிடையாது. மாலை போட்டால் ஒரு மண்டலம் கிடையாது. கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் தவக்காலத்தில் கிடையாது. புரட்டாசி பிறந்தால் காசிமேட்டில் கூட்டம் குறையும், கோழி விலை இறங்கும், பிரியாணிக் கடைக்காரர் காளான் பிரியாணிக்குத் தாவுவார். நூறு செம்மல்கள் நூறு ஆண்டு வைதாலும் நடக்காத ஒன்று, யாரும் யாரையும் வையாமலே ஆண்டுக்கு ஒரு மாதம் நடக்கிறது. அவரவர் வீட்டுக்குள், அவரவர் சாமிக்காக, அவரவர் அம்மா சொன்னதற்காக நடக்கிறது. வாழைக்காயைத் துண்டுபோட்டுச் சைவ மீன் குழம்பு வைக்கவும், பச்சைப்பயறை அரைத்து அவித்துச் சைவ ஈரல் செய்யவும் இந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

உரையாடல் என்று ஒன்றைத் தொடங்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? "புரட்டாசியில உடம்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கலாம். "உங்க வீட்டுச் சைவ மீன் குழம்பு எப்படி வைக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். "இன்னும் ஒரு கிழமை சேத்துக்கலாமே" என்று சொல்லிப் பார்க்கலாம். செம்மல் கேட்பது வேறு: "புரட்டாசி மட்டும் புண்ணியமா? ஐப்பசி ஒண்ணாந்தேதி பேய் மாதிரி கறிக்கடையில நிக்கிறீங்களே!" விட்ட ஒரு மாதத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல், விடாத பதினோரு மாதத்துக்கு ஏச்சுக் கொடுத்தால் அடுத்த புரட்டாசியிலேயே ஒருவராவது மனம் வெறுத்துப் பிரியாணி தேடுவார். செம்மலின் கணக்கு பிசகாது.

மரியாதையாக இருப்பது கடினம் என்றுதான் அவர் இப்படி இருக்கிறார் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அரசாங்கத்துக்கே அது கடினமாக இல்லை. 1956இல் காமராசர் விரிவுபடுத்திய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவானது, 1989 முதல் அதில் முட்டை சேர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். ஒரே வரிசையில், ஒரே தரையில், ஒரு தட்டில் முட்டை, பக்கத்துத் தட்டில் வாழைப்பழம். ஆயம்மா ஒரு பிள்ளைக்கும் பாடம் எடுப்பதில்லை. முட்டை தின்னும் பிள்ளை வாழைப்பழத்தைப் பார்த்துக் கேட்கும்: "நீ ஏன் முட்டை திங்கல?" அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்லும். தமிழ்நாட்டில் கொல்லாமை பற்றி நடக்கும் மிக நாகரிகமான உரையாடல் அதுவாகத்தான் இருக்கும். செம்மல் அந்த வரிசையில் இருந்திருந்தால் பிள்ளைகளை ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்காரவைத்து அந்தப் பேச்சே எழாமல் தடுத்திருப்பார்.

ஆகவே செம்மலே, ஊரிலுள்ள கறிக்கடைகள் உமக்குக் கடன்பட்டிருக்கின்றன. பிறர் உயிரைக் காப்பாற்றுவதற்காக நீர் பேசுகிறீர் என்று உம் பகைவர்கள் சொல்வது வீண்பழி. ஆட்டுக்கும் உமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறரைவிட ஓரங்குலம் உயர்ந்து நிற்க உமக்கொரு பலகை வேண்டியிருந்தது; கையில் கிடைத்தது காய்கறிப் பெட்டி, அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நாளில் மனம் மாறிப் புலாலை விட்டுவிட்டால் நீர் எதன்மேல் ஏறி நிற்பீர்? அந்தத் துயரம் உமக்கு நேராதபடி நீரே பார்த்துக்கொள்கிறீர். உம் தொண்டு தொடரும் வரை ஆட்டுச் சந்தை ஒருநாளும் வெறிச்சோடாது.

வாசகர்களுக்கு ஒரு சொல். இறைச்சியை விட்டுவிடலாமா என்று உங்களில் சிலர் மனத்துக்குள் யோசித்துக்கொண்டிருக்கலாம். நல்ல யோசனை, உடம்புக்கும் நல்லது, உயிர்களுக்கும் நல்லது. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். செம்மலைச் சந்திப்பதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.